பொன்னும் பொழுதும்

லீவு கிடைத்தால் மனிதன் என்ன செய்வான்? தூங்குவான். சொந்த ஊருக்குப் போவான். கையில் கொஞ்சம் காசிருந்தால் கொடைக்கானல், ஊட்டி என்று கிளம்புவான். ஐரோப்பாவில் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் மலையிலிருந்து இறங்கி வருகிற ஓடையில் போய் நின்று கொள்கிறார்கள். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ்; கையில் ஒரு தட்டு. காலையிலிருந்து சாயங்காலம் வரை முதுகு ஒடியக் குனிந்து மணலை அள்ளுவதும் அலசுவதும் கொட்டுவதுமாக இருக்கிறார்கள். என்னத்தைத் தேடுகிறீர்கள் ஐயா என்று கேட்டால், தங்கம் என்கிறார்கள்!

ஸ்விட்ஸர்லாந்தில் நாப்ஃப் மலையைச் சுற்றியுள்ள ஓடைகள், ஆஸ்திரியாவில் ரௌரிஸ் பள்ளத்தாக்கு, இத்தாலியின் வடக்கே எல்வோ நதி, ஜெர்மனியில் ரைன் நதியின் சரளைத் திட்டுகள், ஸ்காட்லாந்தின் வடக்கே கில்டோனன் ஓடை, பின்லாந்தில் லாப்லாந்து என்று இதற்கு அங்கே இடங்கள் பல. இந்த வேடிக்கைக்கு உலகப் போட்டி கூட உண்டு. 1977-ம் வருஷம் பின்லாந்தின் டாங்காவாராவில் முதலாவது போட்டியை நடத்தினார்கள். வாளி மணலில் கலந்து வைத்த பொன் துணுக்குகளை யார் சீக்கிரம் அரித்தெடுக்கிறாரோ அவருக்கு ஜயம். துணுக்கு ஒன்றைத் தவறவிட்டால் அதற்குத் தண்டமாக அவர் கணக்கில் நேரம் கூடும்.

வரவு செலவு பார்த்தால் இது சுத்த நஷ்டம். ரயில் செலவு, ஜாகைச் செலவு, தட்டு வாங்கிய செலவு எல்லாம் ஒரு பக்கம். மறு பக்கத்தில், நாள் முழுவதும் அரித்த பிறகு ஒரு கிராமில் ஏதோ ஒரு சிறு பங்கு. அதுவும் பழகிய கையாக இருந்தால். அதைப் பெரும்பாலோர் விற்பதுமில்லை. தண்ணீர் ஊற்றிய குப்பியில் போட்டு அலமாரியில் வைத்துவிடுகிறார்கள்.

இதைப் பைத்தியக்காரத்தனம் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். அப்படி நகர எனக்கு மனம் வரவில்லை. தேவையே இல்லாமல் ஒரு பொருளைத் தேடுகிறவனைப் பற்றி நாம் என்ன நினைக்க வேண்டும் என்ற கேள்வி, கதை எழுதுகிற என் போன்றவனை லேசில் விடுவதாக இல்லை.

முதலில் அந்த வித்தையைப் பார்க்கலாம். நம் வீட்டுப் பெண்களுக்கு அது தெரிந்த வித்தைதான். பொன் 'அரிப்பது' என்றுதான் நம் பாஷையிலும் சொல்கிறோம். அரிசியில் கல் அரிப்பதும் அதே வார்த்தைதான். இரண்டு பாத்திரத்தை வைத்துக்கொண்டு, தண்ணீரோடு அரிசியை ஒரு சுழற்றுச் சுழற்றி ஒன்றிலிருந்து மற்றதற்குச் சாய்ப்பார்கள். இலேசான அரிசி தண்ணீரோடு போகும். கனமான கல் அடியில் தங்கும். தங்கம் தண்ணீரைப் போல் 19 மடங்கு கனம். ஆற்று மணலோ மூன்று மடங்கு கூட இல்லை. ஆகவே தட்டை நீருக்குள் அசைத்து மெல்லச் சாய்த்தால் மணல் வழிந்து போகும். கடைசியில் கொஞ்சம் கருமணல் மிஞ்சும். அதன் ஓரத்தில், இருந்தால், பொன் இருக்கும். அடியில் தங்குவதை அரிசிக்காரி எறிகிறாள், பொன்காரன் வைத்துக்கொள்கிறான். வித்தியாசம் அவ்வளவுதான். அந்த 'இருந்தால்' என்ற சொல்லில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது என்பது என் கட்சி. அதற்குப் பிறகு வருகிறேன்.

என் அக்காவின் மகன் ஜெர்மனியில், ரைன் நதிக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் வேலையாக இருக்கிறான். போன தடவை இங்கே வந்தபோது சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தான். வெளிச்சத்துக்கு நேரே திருப்பிப் பிடித்தால் அடியில் நாலு பொட்டுகள் மினுக்கின.

"தங்கம் மாமா. நானே அரிச்சது."

"எத்தனை நாள் வேலைடா இது?"

"ஒரு நாள் பூரா. ஆபீஸ்ல கூட இருக்கறவர் அழைச்சிண்டு போனார்."

"வித்தா என்ன வரும்?"

"ஒரு காப்பிக்குக் காணாது மாமா" என்று சிரித்தான்.

அக்கா உள்ளேயிருந்து வந்தாள். குப்பியை வாங்கிப் பார்த்தாள். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். "இதுக்கா நாள் பூராத் தண்ணியிலே நின்னே? போய்வந்த ரயில் சார்ஜை எனக்கு அனுப்பியிருந்தா ஒரு மூக்குத்தி திருகாணியாவது வாங்கியிருப்பேனே!" என்றாள்.

நாங்கள் இருவரும் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை. அவள் வாழ்க்கையில் தங்கம் விளையாட்டுச் சாமானாக இருந்ததே கிடையாது. இவனுடைய காலேஜ் சம்பளத்துக்காக அவளுடைய இரண்டு வளையல்கள் அடகுக் கடைக்குப் போய்ப் போய் வந்தவை. ஒன்று திரும்பியது; மற்றது திரும்பவில்லை. அப்படிப்பட்டவளுக்கு முன்னால், ஒரு காப்பிக்குக் காணாத தங்கத்தைக் கொண்டுவந்து வைத்துச் சந்தோஷப்படுகிறான் பிள்ளை. அந்தச் சந்தோஷம் பொய்யும் அல்ல. அவன் முகத்தைப் பார்த்தேன். முதல் சம்பளம் வாங்கிய அன்றுகூட அந்த முகம் அப்படி இருந்ததில்லை.

இந்த இடத்தில் சிலர் கீதையைக் கொண்டுவந்துவிடுவார்கள். பலனை நாடாமல் கருமத்தைச் செய்கிறார்கள், ஆகவே இவர்கள் கர்ம யோகிகள் என்று ஒரு வெள்ளைக்காரக் கூட்டத்துக்கே பட்டம் கட்டிவிடுவோம். எனக்கு அது சம்மதமில்லை. அர்ஜுனனுக்கு முன்னால் இருந்தது தட்டிக் கழிக்க முடியாத கடமை. ஓடையில் நிற்பவனுக்குக் கடமை ஏதுமில்லை. முதுகு வலித்தால் நிமிர்ந்துவிடலாம். மழை வந்தால் ஓட்டலுக்குப் போய்ச் சூப் குடிக்கலாம். தவிர, அவன் பலனை நாடவில்லை என்பதும் சரியல்ல. தட்டில் ஒரு துளி மினுக்கினால் துள்ளிக் குதிக்கிறான். அவனுக்குப் பலன் வேண்டும். பலனுடைய விலை வேண்டாம். இது வேறொரு நிலை. இதற்கு நம் சாஸ்திரங்களில் பெயர் தேடுவதைவிடக் குழந்தைகளிடம் போய்க் கேட்பது மேல்.

குழந்தை என்றதும் அவன் சொன்ன இன்னொரு விஷயம் நினைவுக்கு வருகிறது. மலைப் பிரதேசத்தில் சுற்றுலாக்காரர்களுக்கென்றே ஏற்படுத்திய ஓர் அரிப்பு இடத்துக்கு, அந்த ஆபீஸ் நண்பருடைய குடும்பத்தோடு இவனும் போயிருக்கிறான். எந்த ஊர், எந்த இடம் என்பது இங்கே முக்கியமில்லை. கட்டணம் கொடுத்தால் தட்டும் கொடுத்து, மணலும் காட்டி, தங்கம் நிச்சயம் என்று உத்தரவாதமும் கொடுக்கிறார்கள். நண்பருக்கு ஒரு பெண், ஏழெட்டு வயசு. முதல் துணுக்கு கிடைத்ததும் கூச்சல் போட்டுக் கூத்தாடியிருக்கிறது. கொஞ்ச நேரம் கழித்துத் தன் குப்பியை எண்ணியது, ஆறு. அண்ணன் குப்பியை எண்ணியது, ஆறு. அப்பாவுக்கும் ஆறு. "ஏன் எல்லாருக்கும் ஆறு?" என்று கேட்டது. யாரும் பதில் சொல்லவில்லை. அதற்கப்புறம் அந்தக் குழந்தை தட்டைத் தொடவில்லையாம். கரையில் உட்கார்ந்து கூழாங்கல் பொறுக்க ஆரம்பித்துவிட்டது.

ஆறு துணுக்கும் அசல் தங்கம்தான். யாரும் பித்தளையைப் போட்டு ஏமாற்றவில்லை. கொடுத்த காசுக்குச் சரக்கு வந்துவிட்டது. இருந்தும் அந்தக் குழந்தையை யாரோ ஏமாற்றித்தான் இருக்கிறார்கள். கிடைக்காமல் போகக்கூடும் என்ற ஒன்றைத் திருடிவிட்டார்கள். ரைன் நதிக்கு என் மருமான் யாரென்று தெரியாது. அவன் இன்ஜினீயர் என்றோ, ரயில் சார்ஜ் கொடுத்து வந்தவன் என்றோ அதற்குக் கவலை கிடையாது. நாலு பொட்டு கொடுத்தது, கொடுக்காமலும் இருந்திருக்கும். பணத்துக்குக் கட்டுப்படாத ஏதோ ஒன்று நம்மைப் பார்த்துத் தலையசைத்தது என்பதுதான் அவன் முகத்தில் கண்ட சந்தோஷம். நினைத்ததெல்லாம் கடையில் கிடைக்கிற வாழ்க்கை வாய்த்தவர்களுக்கு, இல்லை என்று சொல்லக்கூடிய ஒரு நதி பெரிய பாக்கியம். அதனால்தான் காசு செலவழித்துக்கொண்டு அதனிடம் போகிறார்கள்.

இதுவரை நான் அவர்கள் கட்சி. ஆனால் அதே நதிகளில் இதே வேலையை வேறு ஜனங்கள் செய்திருக்கிறார்கள். அவர்களுக்கு 'இல்லை' என்ற பதில் பாக்கியமாக இருக்கவில்லை.

இத்தாலியில் எல்வோ நதிக்குப் பக்கத்தில் பெஸ்ஸா என்று ஓர் இடம். மைல் கணக்கில் கூழாங்கல் குவியல்கள். ரோமானியர்கள் காலத்தில் பொன் அரித்தபோது பொறுக்கி எறிந்த கற்கள் இவை. இரண்டாயிரம் வருஷங்களாக அப்படியே கிடக்கின்றன. அந்தப் பிரதேசத்துச் சுரங்கங்களில் குத்தகைக்காரர்கள் 5,000 பேருக்கு மேல் வேலைக்கு வைக்கக் கூடாது என்று ஒரு சட்டம் இருந்ததாகப் பிளினி எழுதி வைத்திருக்கிறார். அந்த ஐயாயிரத்தில் ஒருவன் பெயர்கூட நமக்குத் தெரியாது. குவியல்தான் தெரிகிறது.

ரைன் நதிக் கதை இன்னும் சமீபத்தது. மீன் பிடிக்கிறவர்களும் சின்னக் குடியானவர்களும் ஆற்றில் தண்ணீர் வற்றிய நாட்களில் பொன் அரித்தார்கள். சாய்வான பலகையில் முரட்டுத் துணியை விரித்து, அதன்மேல் சரளையைக் கொட்டித் தண்ணீர் விட்டு அலசி, துணியில் ஒட்டியதை உதறி எடுத்து, பாதரசத்தில் பொன்னைப் பிடித்து, பிறகு பாதரசத்தை நெருப்பில் ஓட்டிவிட வேண்டும். அந்தப் புகை யார் மூச்சில் போயிற்று என்று சொல்ல வேண்டியதில்லை. பொன்னோ அரசருடைய உரிமை. அரித்தவன் அதை அரசாங்கம் குறித்த விலைக்கு அரசாங்கத்திடமே கொடுத்தாக வேண்டும். பலாட்டினேட், பவேரியா, பாடன் அரசர்கள் அந்தப் பொன்னில் டுகாட் நாணயம் அடித்து, இது ரைன் பொன் என்று பெருமையாகப் பொறித்தார்கள். ஒரு டுகாட் மூன்றரை கிராம். கண்ணுக்கு மட்டும் தெரிகிற தூள் எத்தனை ஆயிரம் சேர்ந்தால் மூன்றரை கிராம் ஆகும் என்று என் மருமானைக் கணக்குப் போடச் சொன்னேன். குப்பியைப் பார்த்தான், பேசாமல் இருந்துவிட்டான்.

1817-ம் வருஷம் துல்லா என்ற பாடன் நாட்டு இன்ஜினீயர், வெள்ளத்தைத் தடுப்பதற்காக ரைனின் வளைவுகளை வெட்டி நேராக்கும் வேலையைத் தொடங்கினார். அவர் 1828-ல் இறந்த பிறகும் நடந்து 1876-ல் அது முடிந்தது. நதி நேரானதும் வேகம் பிடித்துத் தரையை ஆழமாக அறுத்தது. வெள்ளத்துக்கு வெள்ளம் புதுச் சரளைத் திட்டுகள் போடுவது குறைந்தது. பொன் அரிப்பும் தேய்ந்து போயிற்று. ரைன் பொன்னைப் பற்றிய வாக்னருடைய இசை நாடகம் 1869-ல் முனிச் நகரில் அரங்கேறியபோது, அந்தப் பொன்னை அரித்த ஜனங்களில் பலர் வேறு பிழைப்புக்குப் போய்விட்டிருந்தார்கள். தொழில் மறையும்போதுதான் அது பாட்டாகும் போலிருக்கிறது. அதற்கும் பிறகு விடுமுறையாகிறது.

ஒரே தண்ணீர், ஒரே குனிதல், ஒரே முதுகு வலி. ஒருவனுக்கு அது உழைப்பு, இன்னொருவனுக்கு விளையாட்டு. பலன் கூடுதலா குறைவா என்பதில் இல்லை இந்த வித்தியாசம். நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்கிற சுதந்திரத்தில் இருக்கிறது. அந்தச் சுதந்திரம் எங்கிருந்து வந்தது, யாருக்கு அது இல்லாமல் போயிற்று என்று கேட்கிறபோதுதான் எனக்குக் கில்டோனன் நினைவு வந்து தொந்தரவு செய்கிறது.

கில்டோனன் ஸ்காட்லாந்தின் வடக்கே ஸதர்லாந்து சீமையிலுள்ள ஒரு பள்ளத்தாக்கு. 1813-க்கும் 1819-க்கும் இடையே, அங்கே தலைமுறை தலைமுறையாக இருந்த குடிகளை ஜமீன் வெளியேற்றியது. ஆட்டு மந்தை வைத்தால் குத்தகை அதிகம் கிடைக்கும் என்பதுதான் காரணம். சிலர் கடற்கரைக்குத் துரத்தப்பட்டார்கள். சிலர் கப்பலேறிக் கனடாவுக்குப் போனார்கள். ஐம்பது வருஷம் கழித்து, கில்டோனனில் பிறந்து ஆஸ்திரேலியத் தங்கப் பிரதேசங்களில் வேலை செய்து திரும்பிய ராபர்ட் கில்கிறிஸ்ட் என்பவர் அந்த ஓடைகளில் பொன் இருக்கிறது என்று கண்டுபிடித்தார். அது 1868. அடுத்த வருஷம் நூற்றுக்கணக்கான பேர் குவிந்துவிட்டார்கள். ஓடைக் கரையில் மரக் குடிசைகள் எழும்பின. அதற்குக் கேலிக் பாஷையில் 'பொன்னூர்' என்று பெயர் வைத்தார்கள். ஸதர்லாந்து டியூக் அரிக்க வந்தவர்களிடம் தலைக்கு மாதம் ஒரு பவுன் லைசென்ஸ் கட்டணம் வசூலித்தார். எடுக்கிற பொன்னில் பத்தில் ஒரு பங்கு மேல் வாரம். ஆட்டுக் குத்தகைக்காரர்கள் புகார் செய்தார்கள். மான் வேட்டைக்கும் மீன் பிடிக்கவும் வாடகை கொடுத்து வரும் கனவான்களுக்கு இடைஞ்சல் என்றார்கள். 1869-ம் வருஷக் கடைசியோடு லைசென்ஸ் நின்றது. பொன்னூர் கலைந்தது.

இன்றைக்கு அந்த ஓடையில் போய் அரிக்கலாம். எஸ்டேட்காரர்கள் பொழுதுபோக்குக்கு என்று அனுமதித்து வந்திருக்கிறார்கள். கைத் தட்டும் மண்வாரியும் போன்ற சாமான்கள்தான். கரையைத் தோண்டக் கூடாது. வியாபாரம் செய்யக் கூடாது. யோசித்துப் பாருங்கள். பிழைப்புக்காகக் குனிந்தவனுக்குச் சாத்திய ஓடை, பொழுதுபோகாமல் குனிகிறவனுக்குத் திறந்திருக்கிறது. அவன் செய்யும் வேலை ஒன்றுதான். அது அவனுக்கு வேண்டியிருக்கக் கூடாது என்பது மட்டுமே நிபந்தனை.

இதை நான் சொன்னபோது மருமான் விடவில்லை. "அந்த ரூல் இல்லேன்னா மிஷினைக் கொண்டுவந்து ஓடையையே கொத்திப் போட்டுடுவா மாமா. அப்புறம் மீன் எங்கே முட்டை போடும்?" என்றான். வாஸ்தவம்தான். லாப்லாந்தில் லெம்மென்யோக்கி என்ற நதிப் பிரதேசத்தில் 1945-ல் பொன் கண்டார்கள். 1956-ல் அது தேசீய வனமாயிற்று. உள்ளே இயந்திரங்கள் வைத்துத் தோண்டுவது மட்டும் நிற்கவில்லை. 2011-ல் வந்த சுரங்கச் சட்டப்படி 2020-ம் வருஷ மத்தியில்தான் அது நின்றது. மண்வெட்டிக்காரன் இன்னும் தோண்டலாம். கலைமான் மேய்க்கும் ஸாமி ஜனங்களுக்கு அது பூர்வீக பூமி. மண்வெட்டியின் அளவுக்கு ஆசையைக் குறைத்தால் நதியும் மான்களும் ஒருவாறு தாங்கும் என்று சட்டம் நினைக்கிறது. நல்ல சட்டம். ஒரு மனிதன் கையால் ஒரு நாளில் தோண்டக்கூடியது எவ்வளவோ அவ்வளவே போதும் என்று சொல்லுகிற சட்டம் உலகத்தில் வேறு எந்தத் தொழிலுக்கு இருக்கிறது?

"அப்போ நான் அரிக்கிறதிலே என்ன தப்பு? நான் அரிக்காமல் விட்டால் அந்தப் பழைய ஜனங்களுக்கு என்ன கிடைச்சுடும்?" என்று கேட்டான்.

ஒன்றும் கிடைத்துவிடாது. தப்பு என்றும் நான் சொல்லவில்லை. பாவம் என்ற பெரிய சொல்லை ஒரு தட்டு மணலுக்குச் செலவழிக்கக் கூடாது. எனக்கு உறுத்துவது வேறு. இந்த விடுமுறைகளில் சில இடங்களில் பழைய காலத்துத் தொப்பியும் அரைச் சட்டையுமாக வேஷம் கட்டிக்கொண்டு அரிக்கிறார்கள். பண்டைத் தங்க வேட்டைக்காரர்களின் வாழ்க்கையை வாழ்ந்து பார்க்கிறோம் என்கிறார்கள். அதுதான் பொய். அவர்களுடைய குனிதலை வாங்கலாம். குனிந்தே தீரவேண்டும் என்ற நிலையை எந்தக் கட்டணம் கொடுத்தும் வாங்க முடியாது. விளையாட்டு விளையாட்டாகவே இருந்தால் அதில் ஒரு நாணயம் இருக்கிறது. பசியின் சட்டையைப் போட்டுக்கொண்டு விளையாடும்போது அந்த நாணயம் போய்விடுகிறது.

இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, ரிக்ஷாக்காரனையும் கூலிக்காரியையும் பற்றி நானும்தான் கதை எழுதுகிறேன். அவர்கள் கஷ்டத்தை அலசி அலசி, மினுக்குகிறது ஏதாவது அடியில் தங்குகிறதா என்று பார்க்கிற வேலைதான் என் வேலையும். எனக்கு வேண்டாம் என்று தோன்றும்போது பேனாவை மூடிவிட்டுக் காப்பி குடிக்கலாம். அதனால் எழுதாமல் இருந்துவிடுவதா என்றால் அதற்கும் நான் தயாராக இல்லை. ஆனால் அவர்களாகவே ஆகிவிட்டதாக ஒரு வரிகூட எழுதாமல் இருக்கப் பார்க்கிறேன். அதுவே சிரமமாக இருக்கிறது.

அவன் ஊருக்குத் திரும்பியதும் கடிதம் எழுதியிருந்தான். அடுத்த கோடைக்குக் கில்டோனன் போவதாக உத்தேசமாம். அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்றும் எழுதியிருந்தான். போகட்டும். நாள் பூராத் தண்ணீரில் நிற்கட்டும். ஒன்றும் கிடைக்காமல் வந்தாலும் சரி. அந்தப் பள்ளத்தாக்கில் வெளியேறியவர்களுடைய வீடுகளின் அடிக் கற்கள் இன்னும் புல்லுக்குள் கிடக்கின்றன. ஓடையில் இறங்குவதற்கு முன்னால் அதைப் போய்ப் பார் என்று பதில் போட்டிருக்கிறேன்.